1099 ஜூலை 15: ஒருவர் 3,000 என்கிறார், ஒருவர் 70,000 என்கிறார். சிலுவைப் போர்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: கடைசி பெஞ்சு

வணக்கம். சிலுவைப் போர்கள் பற்றிப் பொதுவான வரலாறு ஒன்றை முடித்துவிட்டு, அந்தக் காலத்தவர்களே எழுதியதைப் படிக்கலாம் என்று இறங்கினால் முதல் வாரத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான் தெரியும். அரபு, லத்தீன் கிடையாது. மொழிபெயர்ப்பில்தான் படிக்க முடியும். மூன்று இடத்தில் சிக்கல்.

எண்ணிக்கை முதலாவது. ஜெருசலேம் விழுந்த அன்று அக்ஸா பள்ளிவாசலில் கொல்லப்பட்டவர்கள் 3,000 என்று ஒருவர், 10,000 என்று ஒருவர், 70,000க்கு மேல் என்று ஒருவர். சராசரி எடுப்பதா?

தேதி அடுத்தது. ஒரு மொழிபெயர்ப்பில் ஹிஜ்ரி 492 ஷஃபான் 22, இன்னொன்றில் 23. இணையத்தில் ஒரு மாற்றியில் போட்டால் 1099 ஜூலை 21 என்று வருகிறது. எல்லாப் புத்தகத்திலும் ஜூலை 15.

கடைசியாக, வரிசை. 1095 முதல் 1291 வரை கிட்டத்தட்ட 200 ஆண்டு. ஒன்பது போர்களையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போவதுதான் வழியா?

---

பதில்: ஏட்டுச்சுவடி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகப் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த எண்களைப் போட்டவர்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள். 1107இல் கப்பலேறிய நார்வே அரசன் சிகுர்த் 1110இல் சீதோனைப் பிடிக்க உதவினான். அவன் பயணத்துக்கு எண்ணே கிடையாது. 1096இல் புறப்பட்டவர்கள் தாங்கள் போவதை யாத்திரை என்றார்கள், வெறுமனே ‘பயணம்’ என்றார்கள். அரபு நூல்களிலும் ‘சிலுவைப் போர்’ என்ற சொல் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் இல்லை. ‘ஃபிரஞ்சுகளின் (அதாவது மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின்) படையெடுப்பு’ என்றுதான் இருக்கும். 200 ஆண்டையும் ஒரே போராக எண்ணிப் படிப்பது நாம் அணிந்துகொண்ட கண்ணாடி.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: எழுதியவர் யார், அன்றைக்கு எங்கே இருந்தார், எத்தனை ஆண்டு கழித்து எழுதினார், யார் உப்பைத் தின்றார், சொன்னது சொன்னபடி என்ன. கடைசிக் கட்டத்தில் உங்கள் சுருக்கம் வேண்டாம், வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். சுருக்கும்போதுதான் “சுமார்”, “மேல்”, “என்று சொல்லப்படுகிறது” எல்லாம் உதிர்ந்து, வெறும் எண் மட்டும் மிஞ்சும்.

நீங்கள் கேட்ட 1099 ஜூலை 15ஐயே நிரப்பிப் பார்ப்போம்.

அகிலேரின் ரேமோன் நகருக்குள் நுழைந்த படையோடு இருந்தவர், துலூஸ் பிரபுவின் குரு. ‘சாலமோனின் கோவிலில்’, அதாவது அக்ஸா பள்ளிவாசலில், குதிரையேறியவர்கள் முழங்கால் வரை, கடிவாளம் வரை இரத்தத்தில் போனார்கள் என்கிறார். நேரில் பார்த்தவர் சொல்கிறார் என்று இதை அளவாக எடுத்துக்கொண்டு எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. தமிழ் வேதாகமம் வீட்டில் இருந்தால் வெளிப்படுத்தின விசேஷம் 14:20ஐப் பாருங்கள். “குதிரைகளின் கடிவாளங்கள் மட்டும்” இரத்தம் பெருகிவந்தது என்று இருக்கும். இரத்தத்தின் உயரத்தை அவர் அளக்கவில்லை. கடைசி நியாயத்தீர்ப்பு கண்முன்னே நடந்தது என்கிறார். அவர் என்ன நம்பினார் என்பதற்கு இது முதல்தரச் சான்று. எத்தனை பேர் என்பதற்கு இது சான்றே இல்லை.

10,000 என்றவர் சார்த்ரின் ஃபுல்ஷர். அன்று அவர் ஜெருசலேமிலேயே இல்லை. தன் பிரபு பால்ட்வினோடு வடக்கே எதெஸ்ஸாவில் இருந்தார். கிறிஸ்துமஸை ஒட்டித்தான் முதன்முதலாக நகருக்கு வந்தார். அப்போதும் மதிலைச் சுற்றிப் பிணநாற்றம் இருந்தது என்று எழுதுகிறார். அந்த நாற்றத்துக்கு அவர் சாட்சி. 10,000 அவர் காதில் விழுந்தது.

3,000 என்றவர் செவில்லே நகரத்து அபூபக்ர் இப்னுல் அரபி. அவரும் அன்று அங்கே இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு ஜெருசலேமில் தங்கிப் படித்தவர், ஊரையும் ஆட்களையும் அறிந்தவர்.

70,000க்கு மேல் என்றவர் இப்னுல் அதீர். பிறந்ததே 1160இல். மோசூல்காரர். சம்பவத்துக்கும் அவர் எழுத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல். சுவருக்குள் இருக்கும் பழைய நகரம் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். அதில் ஒரு மூலையில் இருக்கும் பள்ளிவாசலில் 70,000 பேர் என்பதை நீங்களே யோசியுங்கள். அதே பக்கத்தில் கொள்ளை போன வெள்ளி விளக்குகள் நாற்பதுக்கு மேல், ஒவ்வொன்றும் 3,600 திர்ஹம் எடை என்றும் எழுதியிருக்கிறார். ஒரே பக்கத்தில் இருப்பதால் இரண்டு எண்ணுக்கும் ஒரே மதிப்பு என்று ஆகிவிடாது. விளக்கின் எடை யாரோ எழுதிவைத்த பட்டியலிலிருந்து வந்திருக்கலாம். எழுபதாயிரம் பேரை யாரும் எண்ணியிருக்க முடியாது.

இப்போது காலியான கட்டத்தைப் பாருங்கள். டமாஸ்கஸின் இப்னுல் கலானிஸி அதே காலத்தவர், ஏறத்தாழ 135 மைல் தொலைவில் இருந்தவர். பெருங்கூட்டம் கொல்லப்பட்டது, யூதர்கள் தொழுகைக்கூடத்தில் கூடினார்கள், அதற்குத் தீவைக்கப்பட்டது என்கிறார். எண்ணே தரவில்லை. சம்பவத்துக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் எண் இல்லை, தள்ளிப்போகப் போக எண் முளைத்துப் பெருகுகிறது. இந்த வடிவம் இந்த 200 ஆண்டில் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

கெய்ரோவின் கெனிசாவில் (யூதத் தொழுகைக்கூடத்தின் பழைய தாள் கிடங்கில்) கிடைத்த கடிதங்களையும் ஒரு வரிசையாகச் சேர்த்துவிடுங்கள். அஸ்கலோனிலிருந்த யூதப் பெரியவர்கள் ஜெருசலேமில் பிடிபட்டவர்களையும் வேதச் சுருள்களையும் பணம் கொடுத்து மீட்க நிதி கேட்டு எழுதியவை. வரலாறாக எழுதப்பட்டவை அல்ல என்பதே அவற்றின் பலம். அன்று ஒருவர் கூடத் தப்பவில்லை என்று எழுதும் நூலை இந்தக் கடிதங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். தாவீதின் கோபுரத்தில் இருந்த, எகிப்தை ஆண்ட ஃபாத்திமியரின் படைத்தலைவனும் ஆட்களும் சரணடைந்து அஸ்கலோனுக்குப் பத்திரமாகப் போனார்கள் என்பதை இப்னுல் அதீரே சொல்கிறார். ஃபிரஞ்சுகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள் என்றும் எழுதுகிறார்.

ஆக சராசரி எடுக்காதீர்கள். பெரிய படுகொலை நடந்தது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை; எண் மட்டும்தான் நிற்காது. “ஆயிரக்கணக்கில்” என்று எழுதினால் போதும்.

இரண்டாவது பயிற்சிக்கு கிளெர்மோன் உரையை எடுங்கள். 1095 நவம்பர் 27, பிரான்ஸில் போப் இரண்டாம் அர்பன் இந்தப் பயணத்துக்கு அழைப்பு விடுத்த உரை. உரையை விரிவாகத் தருபவர்கள் நால்வர்: ஃபுல்ஷர், துறவி ராபர்ட், தோலின் பால்ட்ரிக், நோஜாந்தின் கிபேர். நால்வருமே ஜெருசலேம் பிடிபட்ட பிறகு எழுதியவர்கள், அதாவது முடிவு தெரிந்தபின் தொடக்கத்தை எழுதியவர்கள். ஃபுல்ஷர் தரும் உரையில் ஜெருசலேம் என்ற பெயரே இல்லை. ராபர்ட்டின் உரையில் அதுதான் நடுநாயகம். 1095 டிசம்பரில் ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்கு அர்பன் எழுதிய கடிதத்தை மூன்றாவதாக வைத்துப் பாருங்கள், போட்டி முடிவு தெரியாத காலத்தில் எழுதிய தாள் அது. அர்பன் 1099 ஜூலை 29இல் இறந்தார். நகரம் விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, சேதி அவரை எட்டவே இல்லை.

ஓர் எச்சரிக்கை. ‘அரபுப் பார்வையில்’ என்று தொகுத்துத் தரும் நூல்களில் ஃபிரஞ்சுகள் வரும் பத்திகளை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். இப்னுல் அதீர் சிரியாப் படையெடுப்பைத் தொடங்கும் இடத்தில் முதலில் சொல்வது ஸ்பெயினில் தொலேதோ ஃபிரஞ்சுகள் கைக்குப் போனதையும் சிசிலி போனதையும்தான். அவர் கண்ணுக்கு மூன்றும் ஒரே அலை. வெட்டிய தொகுப்பில் அந்த அலை தெரியாது. முஸ்லிம் அமீர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிட்ட பக்கங்களும் கழிந்துபோயிருக்கும். ஜெருசலேமை 1098இல் துருக்கியரிடமிருந்து ஃபாத்திமியர் பிடித்தார்கள், மறு ஆண்டே ஃபாத்திமியரிடமிருந்து ஃபிரஞ்சுகள் பிடித்தார்கள் என்ற வரிசை தெரியாமல் 1099 புரியாது.

---

பதில்: பஞ்சாங்கம்

தேதிச் சிக்கலுக்கு மட்டும் பதில். உங்களுக்கு வந்த மூன்று தேதியும் ஒரே நாள்தான்.

அக்கால அரபு நூல்களில் மாதத்தின் பிற்பகுதியை “இத்தனை இரவு பாக்கி இருக்கையில்” என்று எழுதுவார்கள். இப்னுல் அதீர் தருவது “வெள்ளிக்கிழமை, ஷஃபானில் ஏழு பாக்கி”. மொழிபெயர்ப்பாளர் மாதத்துக்கு 29 நாள் வைத்தாரா 30 வைத்தாரா, அன்றைய நாளையும் சேர்த்து எண்ணினாரா என்பதைப் பொறுத்து 22, 23 என்று மாறும். மூலத்தில் 22ம் இல்லை, 23ம் இல்லை.

மதங்களின் நாள் தொடக்கமும் குறுக்கே வரும். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும், ஹிஜ்ரியில் அஸ்தமனத்தில். இரவில் நடந்த சம்பவம் என்றால் ஒரு நாள் முன்னே போய்விடும்.

ஜூலை 21 எப்படி வந்தது என்றால், நீங்கள் பயன்படுத்திய மாற்றி கிரிகோரியன் காலண்டரைப் பின்னோக்கி இழுத்துப் போடுகிறது. 1582க்கு முந்தைய தேதிகளை வரலாற்று நூல்கள் ஜூலியன் காலண்டரில்தான் தரும். 1099இல் இரண்டுக்கும் வித்தியாசம் 6 நாள். 1100 பிப்ரவரி முடிவிலிருந்து 1300 பிப்ரவரி வரை 7 நாள். 1187 ஹத்தீன் போரை (சுல்தான் ஸலாஹுத்தீன், அதாவது சலாடின், ஜெருசலேம் அரசின் படையைத் தோற்கடித்தது) அதே மாற்றியில் போட்டால் ஜூலை 4க்குப் பதில் 11 வரும். மாற்றியில் ‘ஜூலியன்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கையில் மாற்றி இல்லாதபோது: ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 492 × 0.97 = 477; கூட்டினால் 1099. 583 × 0.97 = 565.5, கூட்டினால் 1187. சில மாதம் முன்பின் தப்பும், ஆண்டு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஹிஜ்ரி 492 தொடங்கியது 1098 நவம்பர் இறுதியில். ஆண்டுவாரியாக எழுதும் நூலில் ஒரே படையெடுப்பு இரண்டு தலைப்பில் உடைந்து கிடக்கும், அடுத்த ஆண்டின் பகுதியையும் புரட்டிப் பாருங்கள்.

லத்தீன் நூல்களிலும் பின்னோக்கி எண்ணும் வழக்கம் உண்டு. அந்தியோகியாவுக்கு வெளியே மோசூல் ஆட்சியாளர் கெர்போகா தோற்ற நாள் “ஜூலைக் கலெண்டுக்கு நான்காம் நாள்”. கலெண்டு என்பது மாதத்தின் முதல் நாள். அதையும் சேர்த்துப் பின்னோக்கி நான்கு எண்ணினால் ஜூலை 1, ஜூன் 30, 29, 28. ஆக 1098 ஜூன் 28. சேர்த்து எண்ண மறந்தால் 27 ஆகிவிடும். பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) நூல் என்றால் ஆண்டே செப்டம்பர் 1இல் பிறக்கும்.

எல்லாவற்றுக்கும் உரைகல் கிழமை. மாதக் கணக்கு பிறை தெரிந்ததைப் பொறுத்து ஒரு நாள் ஆடும், கிழமை ஆடாது. ஜெருசலேம் விழுந்தது வெள்ளி, ஹத்தீன் முடிந்தது சனி. நீங்கள் கணக்கிட்ட நாளின் கிழமையும் நூலில் இருக்கும் கிழமையும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

---

பதில்: மேடுபள்ளம்

நூல்களோடு நில்லாமல் நிலத்தையும் படியுங்கள். இதற்கு 1187 ஹத்தீனைவிட நல்ல பாடம் கிடைக்காது, ஏனென்றால் தோல்வியின் காரணம் பாதி வரைபடத்திலேயே இருக்கிறது.

உயரக் கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸஃபூரியாவிலிருந்து திபேரியாவுக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஸஃபூரியாவில் நல்ல ஊற்றுகள். ஃபிரஞ்சுப் படை அங்கே பாளையம் இறங்கியிருந்தது. ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் துர்ஆன் என்ற சிற்றூற்று. அதற்கப்புறம் ஹத்தீன் கிராமத்து ஊற்றும் திபேரியா ஏரியும்தான். ‘ஹத்தீனின் கொம்புகள்’ என்ற இரட்டைக் குன்று கடல் மட்டத்துக்கு மேலே 300 மீட்டருக்கு மேல். ஏரி கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கு மேல். ஆக ஏரி கண்ணுக்குத் தெரியும், இறங்கிப்போக 500 மீட்டர் சரிவு, வழியில் எதிரி.

இப்போது கணக்கு. வீரப்பெருமக்கள் (நைட்டுகள்) 1,200 பேர், எல்லாரும் சேர்ந்து 18,000 என்று பொதுவாகச் சொல்வதை வைத்துக்கொள்வோம். மாற்றுக் குதிரை, இலகு குதிரைப்படை எல்லாம் சேர்த்து 4,000 குதிரை என்று நானே ஒரு எண் வைக்கிறேன். ஜூலை வெயிலில் குதிரைக்கு 30 லிட்டர், ஆளுக்கு 5 லிட்டர். குதிரைக்கு 1,20,000, ஆளுக்கு 90,000; ஒரு நாளைக்கு 2,10,000 லிட்டர். நம் ஊர்த் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் என்றால் 17, 18 லாரி. இதைத் தோல்பையில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, துர்ஆன் மாதிரி ஒரு சின்ன ஊற்றில் வரிசையில் நின்று பிடிக்கவும் முடியாது. என் 4,000ஐப் பாதியாக்கினாலும் ஊற்றுக்கு அது அதிகம்.

ஜூலை 3, வெள்ளி காலை படை கிளம்பியது. துர்ஆனைத் தாண்டியதும் ஸலாஹுத்தீனின் இரு சிறகுகளும் பின்னால் வளைத்து அந்த ஊற்றைப் பிடித்துக்கொண்டன. பின்படையில் வந்த தெம்பிளர்கள் (துறவு விரதம் பூண்ட போர்வீரர் சங்கத்தார்) மேல் விடாமல் அம்பு மழை. பின்படை நின்றால் முன்படையும் நிற்க வேண்டும். மஸ்கானா மேட்டில் தண்ணீர் இல்லாமல் இரவு. சனி காலையில் காய்ந்த புல்லில் தீ மூட்டிப் புகையை அவர்கள் பக்கம் விட்டார்கள். மறுபக்கத்திலோ ஒட்டகங்கள் ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்தன. 400 சுமை அம்பு பங்கிடப்பட்டது என்று ஸலாஹுத்தீனின் செயலர் இமாதுத்தீன் எழுதுகிறார். அவர் அங்கேயே இருந்தவர். எதுகை மோனை உரைநடைக்காக வாக்கியத்தை நீட்டுவார், சுமைக் கணக்கு மாதிரி நிர்வாக விவரத்தில் நம்பலாம்.

இதைப் படித்ததும் “ஜெருசலேம் அரசன் கீ முட்டாள்” என்று முடிவுகட்டத் தோன்றும். பல நூல்கள் அப்படித்தான் எழுதுகின்றன. நான்கு ஆண்டு பின்னால் போங்கள். 1183இல் இதே கீ, 1,300 குதிரை வீரர்களும் 15,000க்கு மேல் காலாட்களும் வைத்துக்கொண்டு, ஊற்றுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சண்டைக்குப் போகாமல் ஸலாஹுத்தீனைத் திரும்பிப்போகவைத்தான். பாடநூல்படி சரியான செயல். அதற்குக் கிடைத்த பரிசு கோழை என்ற பெயரும் ஆட்சிப் பொறுப்பு பறிபோனதும்தான். 1187இல் திரிப்போலியின் ரேமோன், தன் மனைவி திபேரியா கோட்டைக்குள் முற்றுகையில் இருந்தும், போகாதீர்கள் என்றார். தெம்பிளர் தலைவர் ஜெரார் போகத்தான் வேண்டும் என்றார். முந்தைய முறை ‘போகாதே’ என்பதைக் கேட்டு என்ன ஆனது என்பது கீயின் மனதில் இல்லாமலா இருந்திருக்கும்?

இங்கே ஒரு பள்ளமும் உண்டு. 1183க்கு நமக்குச் சோறு போடும் தீரு பேராயர் வில்லியமின் நூல் 1184இல் நின்றுவிடுகிறது. ஹத்தீனுக்கு அவர் இல்லை. பதிலுக்கு வரும் பழைய பிரெஞ்சுத் தொடர்ச்சிகள் ஜெருசலேம் அரசின் பிரபுக்களான இபெலின் குடும்பத்தின் பக்கம் சாய்ந்தவை. கீயும் ஜெராரும் அந்தக் குடும்பத்தின் எதிரிகள். ஏட்டுச்சுவடி சொன்ன “யார் உப்பு” கட்டம் இங்கே கட்டாயம்.

---

கடைசி பெஞ்சு

மூவருக்கும் நன்றி. ஜூலியன் தேர்வு வைத்துப் போட்டேன், வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இன்னொரு குழப்பம்: லத்தீன் நூல் மொழிபெயர்ப்பில் “பாபிலோன் சுல்தான்” வருகிறார். ஈராக்கிலிருந்து யாரும் வந்ததாக மற்ற இடங்களில் இல்லையே?

---

பதில்: சொல்வேட்டை

லத்தீன்காரர்களின் பாபிலோன் கெய்ரோ. நைல் கரையில் அந்தப் பெயரில் பழைய ரோமக் கோட்டை ஒன்று இருந்தது, அதை வைத்து எகிப்து அரசையே பாபிலோன் என்றார்கள். ஈராக்கைத் தேடினால் படை தவறான திசையில் நடக்கும்.

‘சாலமோனின் கோவில்’ என்றால் அக்ஸா பள்ளிவாசல், ‘ஆண்டவரின் கோவில்’ என்றால் பாறைக் குவிமாடம். அக்ஸா ஒரு நூலில் அந்தப் பெயரிலும் இன்னொன்றில் ‘சாலமோனின் கோவில்’ என்றும் வருவதை இரண்டு கட்டடம் என்று எண்ணிப் பலியானவர்களைக் கூட்டிவிடாதீர்கள். திரிப்போலி லெபனானில் இருப்பது, லிபியாவில் இருப்பது அல்ல. செசரியா மட்டும் மூன்று நான்கு உண்டு. கடலோரத்துப் பாலஸ்தீனச் செசரியாவா, ஓரொந்தெஸ் ஆற்றங்கரை ஷைஸரையும் அப்படி அழைத்தார்களே அதுவா என்பதை வழித்தடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பால்ட்வின் என்ற பெயரில் ஜெருசலேமுக்கு ஐந்து அரசர்கள். ரெனோ இருவர்: ஷத்தியோன்காரர் ஹத்தீனுக்குப் பின் தலை வெட்டப்பட்டவர், சீதோன்காரர் தப்பியவர்.

தமிழில் தேடுபவர்களுக்குத் தனிச் சங்கடம், ஒரே ஊருக்கு வேதாகமத் தமிழ் ஒன்று, முஸ்லிம் தமிழ் ஒன்று, பாடநூல் தமிழ் ஒன்று. எருசலேம், பைத்துல் முகத்தஸ், ஜெருசலேம் மூன்றும் ஒன்று. தீரு என்றால் அரபில் சூர். சீதோன் என்றால் ஸைதா. அந்தியோகியா, அன்தாகியா. பவுல் கப்பலிலிருந்து இறங்கிய பித்தொலோமாய்தான் அரபில் அக்கா, ஆங்கில நூலில் ஏக்கர். ஸலாஹுத்தீன், சலாவுதீன், சலாடின் எல்லாம் யூசுப் இப்னு அய்யூபுக்கு வந்த பட்டத்தின் உருமாற்றம். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு ஊர்ப்பெயர்களை எழுதிவிடுங்கள். முப்பது ஊர் வந்தால் பெரும்பாலான நூல் கைக்குள் வந்துவிடும்.

ஏட்டுச்சுவடி ‘ஃபிரஞ்சு’ என்று எழுதியதைப் பார்த்துப் பிரான்ஸ் நாட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ராங்க் என்பது அரபில் இஃப்ரஞ்ச், பாரசீகத்தில் ஃபரங்கி; லத்தீன் கிறிஸ்தவர் எல்லாருக்கும் அதே பெயர். கடல் தாண்டி நம்மிடம் வந்து பரங்கி ஆனது. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, சாம்பாரில் போடும் பரங்கிக்காய் வரை அதே சொல்தான். பைசாந்தியரை மட்டும் அரபு நூல்கள் பரங்கி என்று சொல்லாது, ‘ரூம்’ என்னும். இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் ‘கிறிஸ்தவர்கள்’ என்று ஒரே வார்த்தையில் நிரவிவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

---

பதில்: பேரேடு

எல்லாரும் வரலாறு எழுதியவர்களையே சுற்றுகிறீர்கள். கணக்கையும் ஒப்பந்தத்தையும் படிக்கச் சொல்ல ஆள் இல்லை.

1201 ஏப்ரல், நான்காம் சிலுவைப் போருக்குக் கப்பல் பேசிய வெனிஸ் ஒப்பந்தம். 4,500 குதிரை வீரர், 4,500 குதிரை, 9,000 பணியாட்கள், 20,000 காலாட்கள். ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4. தாளில் போடுங்கள்: 33,500 ஆள் × 2 = 67,000; 4,500 × 4 = 18,000; மொத்தம் 85,000 வெள்ளி மார்க். ஒப்பந்தத் தொகை அதேதான். ஆறு தூதர்களில் ஒருவரான வில்ஹார்துவான் எழுதிய எண்கள் இவை, கூட்டினால் நிற்கின்றன. மறு ஆண்டு வெனிஸுக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்கள். கட்டணப்படி அவர்கள் தர வேண்டியது 28,000 சுற்றி. ஆனால் 34,000 பாக்கி என்பதால் 51,000 கட்டியிருக்கிறார்கள். ஆக வந்தவர்கள் தங்கள் பங்குக்கு மேல், வெள்ளிப் பாத்திரம் வரை கொடுத்தும் கடன் தீரவில்லை. எகிப்தை நோக்கிக் கிளம்ப வேண்டிய படை 1202 நவம்பரில் ஸாரா என்ற கிறிஸ்தவ நகரைப் பிடித்ததும், 1204 ஏப்ரலில் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியதும் இந்தப் பாக்கியிலிருந்து தொடங்குகின்றன. வில்ஹார்துவான் பழியை வேறு துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் மேல் போடுகிறார். 33,500 வருவார்கள் என்று கையெழுத்திட்டதில் தானும் ஒருவர் என்பதை அடக்கி வாசிக்கிறார்.

வரிக்கு, ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர். 1184இல் டமாஸ்கஸிலிருந்து அக்காவுக்குப் போகும் வழியில் திப்னீன் பக்கத்து முஸ்லிம் குடியானவர்கள் பரங்கியருக்கு அறுவடையில் பாதி, தலைக்கு 1 தினாரும் 5 கீராத்தும் தருகிறார்கள் என்று குறித்தார். 24 கீராத் ஒரு தினார். பரங்கியர் ஆட்சியில் இவர்கள் தங்கள் சொந்தச் சமயத்து நிலக்கிழார்களிடம் இருப்பதைவிட நிம்மதியாக இருக்கிறார்கள் என்று வருத்தத்தோடு எழுதுகிறார். 200 ஆண்டும் வாளோடு வாள் மோதிக்கொண்டே இருந்தது என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒரு பத்தி போதும்.

எண்ணிக்கை எங்கே நிற்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1191 ஆகஸ்ட் 20, அக்காவுக்கு வெளியே இங்கிலாந்து அரசன் ரிச்சர்டு கைதிகளைக் கொன்றது. அவரே தன் கடிதத்தில் ஏறத்தாழ 2,600 என்கிறார். எதிர்ப்பக்கத்து பஹாவுத்தீன் 3,000 என்கிறார். இவ்வளவு நெருக்கம் ஏன்? கைதிகள் பணயப் பொருள். 2,00,000 தினாருக்கும் 1,500 கைதிகளுக்கும் பதிலாக விடுவிக்க வேண்டியவர்கள். தலையை எண்ணாமல் பேரம் பேச முடியாது.

---

ஏட்டுச்சுவடி

பேரேடு சொன்னதில் இப்னு ஜுபைரை மட்டும் கொஞ்சம் பார்த்து எடுக்க வேண்டும். அவர் அந்தப் பகுதியைச் சில நாளில் கடந்து போனவர். அந்தப் பத்தி முஸ்லிம் ஆட்சியாளர்களுக்கு வைத்த குட்டு. பரங்கியருக்கு நற்சான்றிதழ் அல்ல. அடுத்த பக்கங்களிலேயே அக்காவை அல்லாஹ் அழிக்கட்டும் என்கிறார். வரி விகிதத்தை அந்த ஊர்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். நாடு முழுமைக்கும் நீட்டக் கூடாது.

ஷைஸர் அமீர் குடும்பத்து உஸாமா இப்னு முன்கிதின் பரங்கி வைத்தியர் கதைக்கும் அதே சட்டம். காலில் கட்டி வந்தவனின் காலைக் கோடரியால் வெட்டிக் கொன்ற கதையை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். தள்ளாத வயதில், படிப்பினைக்காகவும் ரசனைக்காகவும் சொன்ன கதைத் தொகுப்பு அது. பரங்கியரைப் பற்றி எந்த மாதிரிக் கதை ஷைஸரில் எடுபட்டது என்பதற்குச் சான்று. அவர்களின் மருத்துவத்துக்கு அளவுகோல் அல்ல.

---

கடைசி பெஞ்சு

முதல் தாளுக்கு 1191 அக்காவையே எடுக்கிறேன். எண் ஒத்துப்போகும் இடத்தில் தொடங்கினால் மற்றது எங்கே முரண்படுகிறது என்று பார்க்கலாம் அல்லவா?

---

ஏட்டுச்சுவடி

நல்ல தேர்வு. நகரம் சரணடைந்தது ஜூலை 12, கொலை ஆகஸ்ட் 20. அந்த நாற்பது நாளைத்தான் நாள்வாரியாக நிரப்ப வேண்டும். முதல் தவணை எப்போது, யார் முதலில் யாரை விடுவிப்பது, பிணையாட்கள் யார் தருவது என்ற இழுபறியில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. லத்தீன் நூல்கள் கெடு தாண்டிவிட்டது என்கின்றன. பஹாவுத்தீன் ரிச்சர்டு வாக்கை முறித்தான் என்கிறார்.

பஹாவுத்தீன் ஸலாஹுத்தீனின் படை நீதிபதி, 1188இல்தான் பணியில் சேர்ந்தார். ஹத்தீனுக்கு அவர் கேள்விச் சாட்சி, அக்காவுக்கு நேர்ச்சாட்சி. ஒரே நூலுக்குள் இந்த இரண்டையும் வேறு வேறு வரிசையில் எழுதுங்கள். கொலைக்கு அவர் இரண்டு காரணம் தருகிறார்: முன்பு கொல்லப்பட்ட தங்கள் ஆட்களுக்குப் பழி என்று சிலர் சொன்னார்கள், அஸ்கலோனை நோக்கிக் கிளம்பும்போது இத்தனை பேரைப் பின்னால் விட்டுப் போக அரசன் விரும்பவில்லை என்று சிலர் சொன்னார்கள். எது என்று தீர்ப்புச் சொல்லாமல் “அல்லாஹ்வே நன்கறிவான்” என்று முடித்துவிடுகிறார். ஐந்தாம் கட்டத்தில் அந்த வார்த்தையையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர்கள் பலர் இரண்டில் ஒரு காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதை வெட்டிவிட்டார்கள்.